துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு கன்றுகள்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. முதல் தடவை படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது அந்தப் பெருமை போயிற்று. மூன்றாம் தடவை படிக்காமல் மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துவிட்டேன். உன் அம்மா அதை அங்கிருந்து எடுத்துப் படித்துவிட்டு, "இப்பவாவது சொல்லுவீங்களா, இல்ல இதையும் கூட்டுக்குள்ள வச்சு மூடிருவீங்களா?" என்று கேட்டாள். அதனால் எழுதுகிறேன். நேரில் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். முப்பது வருஷம் தாவரவியல் வாத்தியாராக நின்று பேசியவன்தான். ஆனால் அங்கே எதிரில் இருந்தது திருப்பிக் கேட்காத பிள்ளைகள். திருப்பிக் கேட்கக்கூடிய ஒருவர் முன்னால் நான் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

நீ எழுதியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் எனக்கு மேலே ஓடாது. கொடைக்கானலில் புதிதாக வந்திருக்கும் டி.வி. கோபுரத்தால் பிளம்ஸ் மரங்கள் பூவை உதிர்க்கின்றன, பேரிக்காய் பிஞ்சிலேயே வெம்புகிறது என்று ஒரு குழு கூடியிருக்கிறது. நீ அதற்குச் செயலாளர். வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஓர் அதிகாரி வருகிறார். அவர் முன்னால் நீ என் அறிக்கையை வாசிக்கப்போகிறாய். பதினாலு வருஷத்துக்கு முன்னால், தாண்டிக்குடிக்கு மேலே நாம் இருந்த ஊரில் நின்ற வயர்லெஸ் கோபுரத்தைப் பற்றி நான் எழுதிய அறிக்கை. "என் அப்பா அன்றைக்கே நிரூபித்துவிட்டார்" என்று தொடங்குவதாக எழுதியிருக்கிறாய். அது முடிந்ததும் ஒரு சாட்சி பேசுவார். அந்தப் பழைய கோபுரத்தின் அடியிலேயே குடியிருந்தவர். இப்போது ஏரிக்கரையில் டீ விற்பவர். மகளுக்கு வலிப்பு வந்தது அந்தக் கோபுரத்தால்தான் என்று நம்பி, இன்றுவரை வீட்டில் ஒரு ரேடியோகூட வைத்துக்கொள்ளாதவர். அவர் பேசினால் அதிகாரியே அழுதுவிடுவார் என்று எழுதி, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய்.

அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்ததும் உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒருவனுடைய கண்ணீரை எந்த நிமிஷத்தில் மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று திட்டம் போடுகிற புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். உன் குழுவின்மேலும் எனக்கு மரியாதை இல்லை. பிளம்ஸ் மரத்துக்குக் கவாத்துச் செய்து எத்தனை வருஷமாயிற்று என்று அவர்களில் ஒருவரையாவது கேட்டாயா? மரத்தடிக்குப் போய்ப் பார்ப்பதைவிட, அண்ணாந்து கோபுரத்தைப் பார்ப்பது சுலபம். கழுத்து வலிப்பதைத் தவிர வேறு சிரமம் இல்லை. இப்படியெல்லாம் மனதுக்குள் உங்களைக் கேவலமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பிறகுதான், இதில் ஒரு வார்த்தைகூடப் பேச எனக்குத் தகுதி இல்லை என்பது உறைத்தது. அந்த அறிக்கை பொய். அதை எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

நீ அப்போது நாலாம் வகுப்பு. காப்பிச் செடிகளுக்கு நடுவே மலைவாழை நின்ற காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். குதிரை முதுகில் தார்கள் இறங்கி, பழனிக்குப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும். ஊரில் அடுப்பு எரிந்ததே அதனால்தான். அந்த வருஷம் வாழை கெட ஆரம்பித்தது. இலை விரியாது, குட்டையாக, விறைப்பாக, உச்சியில் கொத்தாக நிற்கும். தார் தள்ளாது. "குருத்துக் கட்டிக்கிருச்சு" என்றார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் மேட்டில் கோபுரம் நட்டிருந்தார்கள். எந்த இலாகா என்பது வேண்டாம். ஓர் இரும்புக் கம்பம், நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள், அடியில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு வயர்லெஸ் பெட்டி, பெட்டிக்கு முன்னால் ஆரோக்கியம் என்ற ஒரு மனிதர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர். தற்காலிக வேலை. நீங்கள் பையன்களெல்லாம் அவரைப் பார்த்தாலே, வயர்லெஸ்ஸில் பேசுகிற மாதிரி "ஓவர், ஓவர்" என்று கத்திவிட்டு ஓடுவீர்கள். அவரும் "ரோஜர் தம்பிமாரே, வெளங்குது" என்று திருப்பிக் கத்துவார். கோபுரம் புதியது, ஆரோக்கியம் வெளியூர், நோய் புதியது. ஊருக்கு மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது.

பஞ்சாயத்துத் தலைவரை உனக்குத் தெரியும். "பெரிய மாமா" என்று நீகூடக் கூப்பிடுவாய். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. அந்த ஊர்க் கல்யாணங்களில் பெண்ணின் தாய்மாமன் தன் தோட்டத்து வாழைக்கன்று ஒரு ஜோடியை வேர்மண்ணோடு பெயர்த்து, மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்து, சீர்த்தட்டோடு எடுத்துவருவார். மறுநாள் காலையில் புதுப்பெண் அதை மாமனார் தோட்டத்தில் நட வேண்டும். தலைவர் பாதி ஊருக்கு மாமன்முறை. மீதிப் பாதிக்கும் அவர் வீட்டுக் கன்றுதான் ராசி என்று பேர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

அவர் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வகுப்பு நடக்கும்போதே உள்ளே நுழைந்து, என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் நின்றேன். "வாத்தியாரே, நீரு மதுரையில படிச்சவரு. இந்தக் கோபுரத்துக் கதிருதான் வாழையக் கருக்குதுன்னு எழுதிக் குடும். நாங்க சொன்னா மேல உள்ளவன் கேக்க மாட்டேங்குறான்" என்றார். நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையில் நான் காட்டிய மொத்த வீரமும் அதுதான். "சோதனை பண்ணிப் பாக்கணுங்க" என்றேன். அவருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. சோதனை என்றால் முடிவு ஏற்கெனவே தெரிந்த ஒரு சடங்கு என்று நினைத்துக்கொண்டார். அவர் நினைத்தது சரியாகத்தான் போயிற்று.

திட்டம் போட்டேன். கோபுரத்தடியில் பத்துக் கன்று. மேட்டுக்கு அந்தப் பக்கம், கோபுரம் கண்ணுக்கே தெரியாத பள்ளிக்கூடத் தோட்டத்தில் பத்துக் கன்று. வாரா வாரம் சனிக்கிழமை உயரம், இலை எண்ணிக்கை, இலையின் அகலம். இரண்டு இடத்துக்கும் கன்றுகள் ஒரே தோட்டத்திலிருந்து, முடிந்தால் ஒரே தாய்மரத்துக் கட்டையிலிருந்து வர வேண்டும். இது ஒன்றும் பெரிய படிப்பில்லை. முதல் வருஷத்துப் பாடம், நானே எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டது. பள்ளிக்கூடத் தோட்டத்தில் நல்ல வாழை நின்றது. எனக்கு முந்தின வாத்தியார் எங்கோ வேறு மலையிலிருந்து கொண்டுவந்து வைத்தது. அதிலிருந்தே இருபதையும் எடுக்க நினைத்தேன். அதைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன்; தலைவர் விடவில்லை. "கோபுரத்துக்கு எதிரா நிக்கப்போறது என் வீட்டுக் கன்னாத்தான் இருக்கணும். ஊரு முச்சூடும் என் கன்னுதான். என் கன்னு தாங்கலேன்னா எந்தக் கன்னும் தாங்காது" என்றார். அப்படியானால் இரண்டு இடத்துக்கும் உங்கள் கன்றே கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். அவ்வளவுதான், தம்பி, ஊரின் விதி ஒரு டம்ளர் காப்பியில் முடிந்தது. நாகரிகம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி இந்த மாதிரிக் கோழைத்தனம்தான்.

மறுநாள் ஒரு டஜன் கன்று வந்தது. பத்தைக் கோபுரத்தடியில் நட்டேன். பள்ளிக்கூடத் தோட்டத்தில் அதன் சொந்தக் கன்று பத்தை நட்டேன். மிஞ்சிய இரண்டை வீட்டுக்குப் பின்னால் தூக்கிப்போட்டேன். உன் அம்மா அவற்றைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் ஓடுகிற இடத்தில் நட்டு வைத்தாள். நம் வீடு பள்ளத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கோபுரம் இல்லை, மேடுகூடப் பாதிதான் தெரியும்.

சனிக்கிழமை தவறாமல் அளவுகோலோடு மேட்டுக்குப் போனேன். பனி மூட்டத்தில் என் நோட்டு நனையாமல் ஆரோக்கியம் குடை பிடிப்பார். "சேர், தேத்தண்ணி குடிச்சிட்டு அளக்கலாமே" என்று பால் இல்லாத டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுப்பார். தனக்கு எதிராகத்தான் அளக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். "அளவு சரியா வரட்டும் சேர், நமக்கும் தெரிஞ்சா நல்லதுதானே" என்றார். கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பி ஒன்றில் அவர் சௌசௌக் கொடியை ஏற்றிவிட்டிருந்தார். கோபுரத்தை ஒட்டி, கம்பியைச் சுற்றிக்கொண்டு, அது காய்த்த காய்ப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. நம் வீட்டுக் கூட்டில்கூட அந்தக் காய் எத்தனையோ நாள் வெந்திருக்கிறது. நான் அதை நோட்டில் எழுதவில்லை. சௌசௌ என் சோதனைத் திட்டத்தில் இல்லையே! பத்து வாழைக்கன்றின் இலையை நூல்பிடித்து அளந்துவிட்டு, தலைக்கு மேலே தொங்கிய காய் நெற்றியில் இடிக்க, குனிந்து வெளியே வந்தவன் உன் அப்பன். முறையாக வேலை செய்கிறவன் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. கண்ணை மூடிக்கொள்வதற்குக்கூட ஒரு முறை வைத்திருந்தேன் என்பதுதான் உண்மை.

நாலு மாதத்தில் கோபுரத்தடிக் கன்றுகள் ஒவ்வொன்றாகக் குருத்துக் கட்டின. பள்ளிக்கூடத்துக் கன்றுகள் தளதளவென்று வந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம். நான் போட்ட கட்டங்களுக்குள் எண்கள் இவ்வளவு சுத்தமாக வந்து உட்கார்ந்ததே இல்லை. அறிக்கையைச் சுத்தப் பிரதி எடுத்தேன். சிவப்பு மையில் கோடு போட்டேன். ஊர்க்கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. அன்று காலையில் உன் அம்மா துணி துவைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க கொஞ்சம் வாங்க. அந்தக் கோபுரம் நம்ம துவைக்கிற கல்லுக்கும் கதிரு விடுதா?"

போய்ப் பார்த்தேன். இரண்டு கன்றுமே கொத்தாக விறைத்து நின்றன. குனிந்து இலைக்காம்பைப் பார்த்தேன். கரும்பச்சையில் விட்டுவிட்டுப் புள்ளியும் கோடும். உள்ளே போய், கல்லூரிப் புத்தகத்தைத் தலைமாட்டு அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். முடிக்கொத்து நோய். வைரஸ். வாழைப்பேன் என்கிற பூச்சி பரப்பும், அதைவிட வெரசாக, நோயுள்ள கன்று வழியாகப் பரவும். படம்கூடப் போட்டிருந்தது. அந்தப் புத்தகம் அந்த நாலு மாதமும் என் தலைமாட்டில் இருந்தது.

நீ புரிந்துகொண்டிருப்பாய். தலைவர் தோட்டம்தான் நோய்க்கு ஊற்று. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அங்கிருந்து ஒரு ஜோடி நோயைப் பெயர்த்து, மஞ்சள் துணி சுற்றி, மேளத்தோடு ஒரு புதுத் தோட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். பந்தியில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். நான் நாலு மாதம் சோதித்தது வயர்லெஸ் அலையை இல்லை. தலைவர் வீட்டுக் கன்றை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது உன் அம்மா கேட்டாள். "சொல்லீருவீங்கள்ல?"

"எப்படிச் சொல்ல? சீர்க் கன்னுல நோயின்னு சொன்னா, அதை நட்ட பொண்ணுகளை என்ன சொல்லுவாங்க? வந்தவ ராசி, வாழை போச்சுன்னு அடிச்சே வெரட்டீருவானுக."

"பொண்ணுகளுக்காகவா பயப்படுறீங்க?"

"பின்ன?"

"சும்மா கேட்டேன்" என்று சொல்லி, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் காரணம் முழுப் பொய்யில்லை. அந்த வருஷம் வந்த இரண்டு மருமகள்களை ஏற்கெனவே ஜாடை பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் என் பயம் பெண்களுக்காக இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எனக்குத் தலைவர் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொல்லப் பயம். அதற்கு நல்ல காரணம் ஒன்று கிடைத்தது, எடுத்துப் போர்த்திக்கொண்டேன். கோழைக்கு எப்போதும் யாரோ ஒருவருடைய நன்மை கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடைத்துவிடும். நோட்டில் மட்டும் எழுதினேன். எழுதாமல் இருக்க என் கை விடவில்லை. "துவைக்கல் அருகில் 2. தலைவர் கன்று. இரண்டும் அதே குறி. கோபுரம் இல்லை." சுத்தப் பிரதியில் அது வரவில்லை.

கூட்டம் பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. நான் வாசித்தேன். குரல் நடுங்கியது, அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆரோக்கியம் ஒரு சாக்கு நிறையச் சௌசௌவோடு வந்து, அதை நடுவில் கொட்டினார். "ஐயாமாரே, இது அந்தக் கம்பியிலேயே காய்ச்சது. கதிரு கெடுக்கும்னா இது எப்படிங்க காய்ச்சுச்சு? சேரும்தான் பார்த்திருக்கிறாரே" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அறிக்கையின் பக்கங்களை நேராக்கிக்கொண்டிருந்தேன். தலைவர் ஒரு காயை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது சீமைக் காயி. கதிரும் சீமைக் கதிரு. ரெண்டும் பங்காளி, கடிச்சுக்குமா?" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. படிக்காதவர்கள் சிரித்ததை நான் மன்னிப்பேன். பி.எஸ்ஸி. படித்த ஒருவனும் உதட்டைக் கோணி, மரியாதைக்குச் சிரித்தான். கூட்டம் முடிந்ததும் அந்தக் காய்களைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். மறுநாள் மத்தியானம் கொட்டகையின் தகரத்தின் மேல் கல் விழுந்தது. கம்பிகளை அறுத்துவிட்டார்கள். பிறகு இலாகா கோபுரத்தைக் கழற்றிக்கொண்டு போயிற்று; ஆரோக்கியத்தின் தற்காலிக வேலையும் அதோடு கழன்றது.

போகிற அன்று காலையில் ஜீப்புக்கு நேரம் இருக்கும்போது அவர் நம் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பத்தடி தூரத்தில் நின்று பேசினார். சண்டை போட வந்திருப்பார் என்று நினைத்தேன். போட்டிருக்கலாம்.

"சேர், நான் கோவத்துல வரல்ல. நீங்க பொய் எழுதமாட்டீங்க, அது எனக்கு வெளங்குது. நாலு மாசம் நான்தானே குடை பிடிச்சேன். அப்ப அந்தக் கோபுரம் கெட்டதுதான் போல. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வாழைக்கே இப்பிடின்னா, அதுங்கடியிலயே படுத்து எழும்பின என் புள்ளைகளுக்கு ஏதும் வருமா?"

அவருக்குப் பின்னால் அந்த இரண்டு கன்றும் நின்றன. நான் கையை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். ஒரு வார்த்தைகூட வேண்டியதில்லை. உன் அம்மா வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படி ஒண்ணும் வராதுன்னுதான் நினைக்கிறேன்" என்றேன். நினைக்கிறேனாம்! அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்த "நினைக்கிறேன்" என்ற சொல்லைத்தான் அவர் பதினாலு வருஷமாக வீட்டில் வைத்திருக்கிறார் என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. வலிப்பு எத்தனையோ காரணத்தால் வரும். மருத்துவம் பார்த்தாரா, மாத்திரை கொடுக்கிறாரா என்று நீ எழுதவில்லை. கதிரால் வந்தது என்று முடிவு கட்டிவிட்டால் டாக்டரிடம் போக வேண்டியதில்லையே. அந்த முடிவுக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

கோபுரம் போன பிறகு வாழை பிழைத்ததா என்று உன் குழுவில் யாராவது கேட்டார்களா? பிழைக்கவில்லை. மூன்று வருஷத்தில் ஊரில் ஒரு தார் இல்லை. தலைவரிடம் கேட்டால், "கதிரு மண்ணுக்குள்ள எறங்கிருச்சு, வாத்தியாரே" என்றார். அதற்குப் பிறகும் அவர் வீட்டுக் கன்றுகள் கல்யாணங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒருவன் கதிர் தடுக்கிற செப்புக் கம்பி என்று வளையமாக விற்றான். ஊரே வாங்கி வாழைக்கு வளையல் மாட்டியது. இது நல்லதா என்று என்னைக் கேட்டார்கள். "கெடுதல் இல்லை" என்றேன். என் வாயிலிருந்து வந்த வாக்கியங்களிலேயே அதைத்தான் மிகவும் வெறுக்கிறேன். பிறகு வாழை நின்ற இடத்தில் வேறு எதையெதையோ வைத்தார்கள், குதிரைகளை விற்றார்கள். நான் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மனுவில் எழுதினேன். அதுவும் நம்பப்பட்டது.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. டி.வி. கோபுரம் செடிகளை ஒன்றும் செய்யாது என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. எனக்குத் தெரியாது. செய்யும் என்று கத்துகிற உன் குழுவுக்கும் தெரியாது. "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லப்போகிற அதிகாரிக்கும் தெரியாது. அவரையும் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போ. தெரிய வேண்டுமென்றால் ஒரே தாய்ச்செடியின் கன்றுகளை எடு. எது எங்கே போகிறது என்று நீ தீர்மானிக்காமல் சீட்டுக் குலுக்கிப் போடு. கோபுரத்துக்குப் பக்கத்திலும் தூரத்திலும் ஒரே மண், ஒரே எரு, ஒரே தண்ணீர். அளக்கிறவனுக்கு எது எந்தச் செடி என்று தெரியக் கூடாது. நடுவில் யாராவது காப்பி கொண்டுவந்து வைத்தால் குடிக்காதே. கம்பியில் சௌசௌ காய்த்தால் அதையும் எழுது. முக்கியமாக, மிஞ்சிய கன்றுகளைத் தூக்கிப்போடாதே. எங்கே நட்டார்கள், என்ன ஆயிற்று என்று போய்ப் பார்.

இன்னொன்று. தை மாதம் உன் கல்யாணத்துக்குப் பெண்ணின் தாய்மாமன் பண்ணைக்காட்டிலிருந்து கன்று ஜோடி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. வருத்தப்பட்டால் படட்டும். என் தலைமுறையில் யாரும் வருத்தப்படக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் ஒரு மலையைக் காலி பண்ணினோம்.

இதோடு நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன். நோட்டிலிருந்து பக்கம் கிழிப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. சுத்தப் பிரதியை நீ வாசிக்கக் கூடாது. நான் ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் வருகிறேன். முதலில் ஏரிக்கரைக்குப் போவோம், கூட்டம் காத்திருக்கட்டும். அவர் சாட்சி சொல்லுவதற்கு முன்னால் அவருக்கு நான் சாட்சி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர் பேசுவதும் பேசாததும் அவர் விருப்பம். தேத்தண்ணிக் கெட்டிலை என் தலையில் கவிழ்த்தால், தடுக்காதே. மகளை யாரிடம் காட்டலாம் என்று ஆஸ்பத்திரியில் விசாரித்து வை. வேண்டாம் என்று அவர் சொன்னாலும் திரும்பத் திரும்பக் கேள்.

என்னை எனக்குத் தெரியும். மலைப்பாதையில் ஊத்து என்கிற இடத்தில் பஸ் நிற்கும்போது டீ குடிக்க இறங்கி, எதிரே இறங்குகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாலும் விடுவேன். அப்படி நடந்தால் இந்தக் கடிதத்தை நீ அவரிடம் முழுதாக வாசித்துக் காட்டு. ஒரு வரிகூட விடாதே. இதை உன் அம்மாவிடம் சொன்னேன். "நானும் வாரேன். நீங்க ஜன்னல் ஓரம் உக்காருங்க, நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கிறேன். என்னைய ஏறித் தாண்டிக்கிட்டா எறங்குவீங்க?" என்றாள். அவளுக்கு இதைச் சொல்ல ஒரு நிமிஷம்தான் ஆனது.

அவரிடம் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். செவ்வாய்க்கிழமையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். "நான் எழுதினது தப்பு" என்பது இப்போது வருகிறது. "அது அன்னைக்கே எனக்குத் தெரியும், உங்களுக்குப் பின்னாலதான் அந்தக் கன்னு நின்னுச்சு" என்பது இன்னும் பாதியில் நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

அப்பா